விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

வல்லத்திராக்கோட்டையில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குச் சுற்றோட்டப் பாடத்தை முடித்து, இதயத்தின் படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொன்னேன். கரோனரி தமனியை எல்லோரும் சரியாகக் குறித்தனர். அப்போது ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், எங்க தாத்தா ராத்திரி நெஞ்சு கரிக்குதுன்னு சோடா குடிச்சிட்டுப் படுத்தாரு. விடிஞ்சப்ப உசுரு இல்ல. அது மாரடைப்பா சார்?"

பாடம் முடியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மறுநாள் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்கினேன்.

கரும்பலகையில் கண்மாயையும் வாய்க்காலையும் வரைந்தேன். வாய்க்கால் அடைபட்டால் பயிர் வாடும். கரோனரி தமனியை இரத்தக்கட்டி அடைத்தால் இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியும். பயிர் ஒருநாள் தாங்கும், இதயம் தாங்காது.

அறிகுறிகள்: நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியோருக்கு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். வாய்வு என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை: நடக்க விடாமல் சாய்த்து உட்கார வைத்து, ஆடையைத் தளர்த்தி, 108-ஐ அழைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் ஏற்றக் கூடாது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நாமாக இவற்றைக் கொடுக்கக் கூடாது. நினைவும் மூச்சும் இல்லையெனில், நடு மார்பை 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தலையணையை வைத்து மாணவர்கள் பழகினர். ஒரு நிமிடத்திலேயே கை வலிக்கிறது என்றனர். அதனால்தான் ஆள் மாற்றி அழுத்த வேண்டும் என்றேன்.

வீடு திரும்பிய பின்: உடல் தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊறுகாய், கருவாடு, புகையிலை வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில் நடக்க வேண்டும். நோயாளியின் பயத்துக்குப் பேச்சுத்துணையே மருந்து. மாத்திரை வேளைகளை அட்டவணையாக எழுதி ஒட்டும் வேலையை மாணவர்களே செய்யலாம்.

வகுப்பின் முடிவில் அந்த மாணவியிடம் சொன்னேன்: "தாத்தாவுக்கு வந்தது என்னன்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. ஆனா இனி யாருக்கு வந்தாலும் விடியட்டும்னு இருக்காதே."

மறுநாள் வந்து சொன்னாள்: "வாசக்கதவுல 108-ன்னு பெருசா எழுதிட்டேன் சார். அப்பத்தாவுக்கும் படிக்கச் சொல்லிக் குடுத்துட்டேன்."