தேயாத மிக்ஸர் உண்டா?

மிக்ஸர் என்றதும் ஓமப்பொடியும் காராபூந்தியும் கலந்த பொட்டலம் உங்கள் நினைவுக்கு வரும். சட்னி அரைக்கும் மிக்ஸியும் வரலாம். இக்கட்டுரை அவ்விரண்டையும் பற்றியது அன்று. கல்யாண வரவேற்புகளில் டி.ஜே. என்பவர் ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்த பாட்டை அதனுள் இழைத்துக் கொண்டுவருகிறார் அல்லவா? அவர் கை எப்போதும் ஒரு பெட்டியின் மீதே இருக்கும். அப்பெட்டிதான் நாம் இங்கே காணப்போகும் மிக்ஸர். தமிழில் ஒலிக்கலப்பான் எனலாம். ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் எடுத்துத் தர மாட்டார்கள்.

உங்கள் வீடு மணிமங்கலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இக்கலையை வீட்டிலேயே பழக விரும்பும் உங்கள் அண்ணன், ஓராண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துடன் சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்படுகிறார். பெளதிகம் படிக்கிறவர் என்று உங்களையும் உடன் அழைக்கிறார். கடைக்காரர் பளபளக்கும் பத்துப் பெட்டிகளை முன்னால் வைக்கிறார். எது நீண்ட நாள் உழைக்கும்? வண்ண விளக்குகளை எண்ணி இதைச் சொல்ல முடியாது. உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

மிக்ஸருக்குள் பல இடங்களிலிருந்து மின்னலைகள் வருகின்றன. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லி வோல்ட்தான். செல்போனிலிருந்தோ கணிப்பொறியிலிருந்தோ வருவது அரை வோல்ட் அளவில் இருக்கும், அதாவது சுமார் நூறு மடங்கு. இவற்றை அப்படியே சேர்த்தால் இசைத்தட்டின் ஒலி காதில் விழவே விழாது. எனவே சிறியதை முதலில் பெருக்கிச் சமப்படுத்தி, பிறகு ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்குக் குறைத்து, இறுதியில் மின்னழுத்தங்களைக் கூட்ட வேண்டும். பெட்டியின் வேலை இவ்வளவே. கூட்டுகிற பகுதி சிறு சில்லுகளால் ஆனது. அதில் அசையும் உறுப்பு ஏதும் இல்லாததால் அது எளிதில் கெடுவதில்லை. பெரும்பாலும் கெடுவது, குறைக்கிற பகுதிதான். அதற்கு ஃபேடர் என்று பெயர்.

ஃபேடர் உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மின்தடை மாற்றியின் தம்பி. நெடுகக் கரிப்பூச்சுப் பூசிய ஒரு பட்டை. அதன் மேல் உராய்ந்து செல்லும் மெல்லிய உலோக விரல். விரல் எவ்விடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பங்கிடப்படுகிறது. ஓம் விதி தவிர இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உலோகம் கரியின் மேல் உரசும்போதெல்லாம் கரித்துகள் பெயர்கிறது. பெயர்ந்த துகளும் வெளியிலிருந்து வந்த தூசியும் உள்ளிருக்கும் மசகோடு சேர்ந்து களிம்பாகின்றன. களிம்பின் மேல் ஏறும் விரல் ஒரு கணம் பட்டையை விட்டு விலகுகிறது. மின்தடை திடீரென்று எகிறுகிறது. ஒலிபெருக்கியில் ‘கரகர’வென்று கேட்கிறது. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழைத் திருகும்போது கேட்ட அதே கரகரப்புதான் இது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாதாரண ஃபேடர் ஒன்றுக்கு அதைச் செய்தவர் 15,000 முறை என்று ஆயுள் குறித்திருப்பதாகக் கொள்வோம். இங்கே ஒரு முறை என்பது போய் வருவது. அண்ணன் பாட்டோடு பாட்டை மெதுவாக இணைப்பவர், ஒரு மாலையில் இருபது பாட்டு இணைக்கிறார் என்றால், 15,000-ஐ 20-ஆல் வகுக்க 750 நாட்கள் வருகின்றன. இரண்டு ஆண்டுக்கு மேல் கவலையில்லை. அவர் இசைத்தட்டை முன்னும் பின்னும் கையால் அசைத்து ‘விக்கி விக்கி’ என்று ஒலி எழுப்பும் ஸ்க்ராட்ச் வித்தையைப் பழகுகிறவராக இருந்தால்? நொடிக்கு இரண்டு முறை, நாளுக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். 1,800 நொடிகளில் 3,600 முறை. பதினையாயிரத்தை இதனால் வகுத்தால் நான்கு நாளும் சில நிமிடமும்!

நான்கே நாளில் அது செத்துவிடாது என்பது உண்மைதான். குறிக்கப்பட்ட ஆயுள் பெரும்பாலும் முழு நீள ஓட்டத்துக்கு உரியது. ஸ்க்ராட்ச் செய்பவர் ஓரத்தில் சில மில்லி மீட்டரையே பயன்படுத்துகிறார். ஆயினும் தேய்வு முழுவதும் அந்தச் சில மில்லி மீட்டரிலேயே விழுகிறது. ஆகவே கடைக்காரரிடம் ‘எது நல்ல மிக்ஸர்?’ என்று கேட்பதற்கு முன், அண்ணனிடம் ‘நீ எப்படி வாசிக்கப் போகிறாய்?’ என்று கேட்டுவிடுங்கள்.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போசாக் நிறுவனம் நடன அரங்குகளுக்காகச் செய்த மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இருந்தவை திருகு குமிழ்கள். அவை மெதுவாகத் திருகப்படுபவை. அவற்றுள் சில இன்றும் பாடுகின்றன. அந்தப் பத்தாண்டின் நடுவில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி இளைஞர்கள் ஸ்க்ராட்ச் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். ஃபேடர்களுக்குக் கஷ்டகாலம் அப்போதுதான் தொடங்கியது.

தேய்வைத் தடுக்க ஒரு வழி, உரசலையே ஒழித்துவிடுவது. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், மின்னோட்டம் செல்லும் தகட்டுக்குக் குறுக்கே காந்தப் புலம் செலுத்தினால் தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். காந்தப் ஃபேடரில் கைப்பிடியோடு ஒரு குட்டிக் காந்தம் நகர்கிறது. குறைகடத்தியால் ஆன ஹால் உணரி அதன் இருப்பிடத்தை அறிந்து சொல்கிறது. விரலும் இல்லை, கரிப்பட்டையும் இல்லை. தேய மிஞ்சியிருப்பது கைப்பிடி வழுக்கிச் செல்லும் கம்பி மட்டுமே. விலை கூடுதல்தான். ஸ்க்ராட்ச் பழகுகிறவருக்கு அது தகும். மெதுவாக இணைப்பவருக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

ஆயுள் ‘முறை’ என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு மணிமங்கலத்துக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரகடத்தில் வாகனங்களையும் அவற்றின் உறுப்புகளையும் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொத்தானை ஓர் இயந்திர விரல் இரவு பகலாக அழுத்திக்கொண்டே இருந்தால், பத்தாண்டு உழைப்பைச் சில நாட்களில் பார்த்துவிடலாம். வெப்பமும் ஈரமும் தூசியும் நிறைந்த அறையில் வைத்தும் சோதிப்பார்கள். ஃபேடருக்குச் செய்வதும் இதுவே.

தூசியும் ஈரமும் உங்கள் ஊருக்குப் புதியவை அல்ல. சாலையில் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி கோடையெல்லாம் சன்னல் வழியே வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது வீட்டுச் சுவரே வியர்க்கிறது. பித்தளை, வெள்ளீய முனைகளில் ஆக்சைடு படலம் படிவது இக்காலத்தில்தான். நல்ல மிக்ஸரில் செருகுமிடங்களுக்குப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். பொன் ஆக்சிஜனோடு கூடுவதில்லை என்பதே காரணம், பகட்டு அன்று.

அடுத்த எதிரி வெப்பம். மின்வழங்கும் பகுதியில் உருளை வடிவ மின்பகு மின்தேக்கிகள் இருக்கும். இவற்றின் வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த மின்தேக்கி 65 டிகிரியில் 8,000 மணி நேரமும், 45 டிகிரியில் 32,000 மணி நேரமும் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம் இயக்கினால் முன்னது ஐந்தரை ஆண்டு, பின்னது இருபத்திரண்டு ஆண்டு ஆகிறது. காற்றுத் துளைகளை மூடிப் புத்தகங்களுக்கிடையே செருகி வைப்பவர் எவ்வளவு இழக்கிறார் பாருங்கள்!

சரி, கடையில் என்ன செய்வது? காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஃபேடரையும் மிக மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக நகர்த்தினால் கரகரப்பு பாட்டில் மறைந்துவிடும். குமிழைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதன் தண்டு மேல்தகட்டில் மரையால் இறுக்கப்பட்டிருந்தால் அசையாது. வெறும் மின்சுற்று அட்டையில் பற்றவைத்திருந்தால் ஆடும், ஒருநாள் பற்றவைப்பு விட்டுப்போகும். செருகுமிடங்களும் அப்படியே. பிறகு, ஃபேடரை மட்டும் திருகு கழற்றி மாற்ற முடியுமா, மாற்று உறுப்பு இங்கே கிடைக்குமா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் பாதி முடிவு இந்தப் பதிலில் இருக்கிறது. மாற்றக்கூடிய மலிவான ஃபேடர், மாற்ற முடியாத உயர்ந்த ஃபேடரைவிட நல்லது.

பழைய பொருளாக வாங்குவதானால் பின்புறத் தகட்டில் அச்சிட்ட மின்னழுத்தத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்நாட்டுக்கென்று செய்த பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும்? திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்தடை மாறாத சுற்றில் அது 2.3 × 2.3, அதாவது ஐந்து மடங்குக்கு மேல் போகும். மிக்ஸரின் சுற்று அவ்வளவு எளியதன்று என்றாலும் முடிவு ஒன்றுதான்: உருகுகம்பி உருகினால் அதிர்ஷ்டம், இல்லையேல் புகை. தக்க மின்மாற்றி ஒன்றையும் சேர்த்து வாங்கினால் அந்தப் பெட்டியையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்; அதன் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.