நாட்பட நின்ற உழவு இயந்திரமும் பவர் ஸ்டியரிங் எண்ணெயும்

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிய படுவான்கரைக் குடும்பங்கள் 2007 இலும் இடம்பெயர்ந்தன. அப்படி விட்டுப்போய்த் திரும்பும்போது, வெயிலிலும் மழையிலும் நின்ற உழவு இயந்திரத்தை உடனே வயலில் இறக்கக் கூடாது. பவர் ஸ்டியரிங் உள்ளதாயின் அதன் எண்ணெயையும் பாருங்கள்.

இந்த எண்ணெய் டீசலைப்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றுமுன் கசிவைத் தேடுங்கள்.

1. சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

2. மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் திறவுங்கள். உள்ளே விழும் மணல் பம்பைத் தேய்த்துவிடும்.

3. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கும், முழுவதையும் மாற்றுங்கள்.

4. றப்பர் குழாய்களில் வெடிப்போ எலிக்கடியோ உண்டா எனப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவாதீர்கள். பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதானாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

5. கைநூலில் சொன்ன எண்ணெயையே குறியளவுக்கு ஊற்றுங்கள். பிரேக் எண்ணெய் ஊற்றினால் சீல்கள் கெடும்.

பின்பு எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகச் சிலமுறை திருப்பி, அணைத்து, மீண்டும் அளவு பாருங்கள்.

கழிவெண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நமது வேளாண்மைக்கும் மாடுகளுக்கும்.