நான் வெச்ச பொட்டு எங்கப்பா?

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயது. மகன் வாங்கிக் கொடுத்த மிரர்லெஸ் கேமராவில் அவளைப் படம் எடுத்துப் பழகுகிறேன். வீட்டுக்குள் எடுத்தால் படம் ஆடிப்போகிறது. ஃப்ளாஷ் போட்டால் முகம் வெளிறிவிடுகிறது. செல்போன் ஆப்பில் திருத்தினால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறாள். என்ன செய்வது?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் முதல் இரண்டு தொல்லைக்கும் முக்கிய வேர் ஒன்றுதான்: நல்ல வெளிச்சம் இல்லை.

முதலில் ஃப்ளாஷை அணையுங்கள். காலையில், வெயில் நேராக விழாத ஜன்னலோரம் பாய் விரித்து, சொப்புச் சாமான்களைப் பரப்பி அவளை விளையாட விடுங்கள். ட்யூப்லைட்டும் வேண்டாம், இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பாதி ஒரு நிறம், மறுபாதி வேறு நிறம் ஆகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், நாற்காலி முதுகில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம், நிழல் விழுந்த கன்னத்தைத் துலக்கிக் காட்டும். ஸ்டூடியோவில் ரிஃப்ளெக்டர் செய்வதும் இதே வேலைதான்.

படம் ஆடுவதற்கு உங்கள் கையை மட்டும் குறை சொல்ல வேண்டாம்; இரண்டு வயதுக் குழந்தை ஒரு நொடி சும்மா இருக்காது. ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே போகக் கூடாது. ஓடியாடினால் 1/500 வையுங்கள். அபெர்ச்சரை லென்ஸ் இடம் கொடுக்கும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறினாலும் பரவாயில்லை. படம் கொஞ்சம் மணல்மணலாகத் தெரிந்தால் போகட்டும். ஆடிய படத்தை முழுசாக மீட்க முடியாது. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். ஐந்தாறு அடி தள்ளி, அவள் கண் மட்டத்தில் கேமராவைப் பிடியுங்கள். ரொம்ப நெருங்கினால் மூக்கு பெரிதாக விழும். ‘சிரி, சிரி’ என்று சொல்லாதீர்கள். சொப்பில் வைத்த சோற்றை உங்களுக்கு ஊட்ட வரும்போது அந்த முகம் தானே மலரும்.

இனி எடிட்டிங். ஒரிஜினலைப் பத்திரப்படுத்திவிட்டு நகலில் கை வையுங்கள். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அவள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால், அது வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை, கொசுக்கடித் தடிப்பு போன்றவற்றை ஹீலிங் கருவியால் எடுத்துவிடலாம். தோலை வழுவழுப்பாக்கும், வெளுப்பாக்கும் பியூட்டி வசதிகளை மட்டும் தொடவே தொடாதீர்கள். மாநிறக் குழந்தை படத்திலும் மாநிறமாகவே இருக்கட்டும். நாளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும்போது, தன் நிறத்தில் ஏதோ குறை இருந்தது என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது.

நான் படம் எடுக்கும் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கறை என்று நினைத்து அழித்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அந்தக் குழந்தையின் பாட்டி கேட்டார்: “நான் வெச்ச பொட்டு எங்கப்பா?” அன்றிலிருந்து அழிக்கும் கருவியை எடுக்குமுன், அங்கே இருப்பது யார் கை வைத்தது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள்கிறேன். நீங்களும் பாருங்கள், அம்மா.