லிபரல்கள் திருப்பி அனுப்பிய மூவர்

அன்புள்ள கயல்விழிக்கு,

நாட்டையே ஆண்ட கட்சி எப்படி அடையாளம் இல்லாமல் போகிறது என்று கேட்டிருந்தாய். தேர்தலில் தோற்றதால் என்று சொன்னால் அது பாதி விடைகூட ஆகாது. தோற்ற கட்சிகள் எத்தனையோ மீண்டும் ஆட்சிக்கு வந்திருக்கின்றன. புதிதாகத் தலையெடுக்கும் மக்கள் தங்களுக்கும் இடம் கேட்டு வரும்போது அவர்களைத் திருப்பி அனுப்பும் கட்சிதான் அழிகிறது என்பது என் முடிவு. அந்த அழிவு பெரும்பாலும் கட்சி வென்றுகொண்டிருக்கும் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பிரிட்டனின் லிபரல் கட்சியையே எடுத்துக்கொள். 1906 தேர்தலில் ஏறத்தாழ 400 இடங்களை வென்ற கட்சி, 1924-இல் 40 இடங்களுக்குச் சுருங்கியது. இதன் வேரைத் தேடினால் 1888-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஸ்காட்லாந்தின் மிட் லனார்க் இடைத்தேர்தலில் கெயர் ஹார்டி என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி லிபரல் வேட்பாளராக நிற்க விரும்பினார். உள்ளூர் லிபரல் சங்கம் அவரை ஏற்கவில்லை. தனித்து நின்று 617 வாக்குகளுடன் மூன்றாம் இடத்துக்கு வந்தார். சில ஆண்டுகளில் சவுத்தாம்ப்டனில் ராம்சே மெக்டொனால்டுக்கும், நியூகாசிலில் வார்ப்படத் தொழிலாளியான ஆர்தர் ஹெண்டர்சனுக்கும் இதே கதிதான். மூவரும் லிபரல் கட்சியில் நம்பிக்கை வைத்து வந்தவர்கள் என்பதை மறந்துவிடாதே. 1911 வரை அங்கே நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. தேர்தல் செலவும் வேட்பாளர் தலையில்தான். கட்சித் தலைமைக்குத் தொழிலாளர்களை நிறுத்துவதில் மறுப்பில்லை. ஆனால் ஆலை முதலாளிகளும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த உள்ளூர்ச் சங்கங்கள் கைப்பணம் செலவழிக்கக்கூடிய கனவான்களையே தேடின. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? 1900-இல் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து தனி அமைப்பு கண்டார்கள். அதுவே லேபர் கட்சி ஆனது. 1924 ஜனவரியில் மெக்டொனால்டு பிரதமர், ஹெண்டர்சன் உள்துறை அமைச்சர்.

முதியோர் ஓய்வூதியத்தையும் (1908) தேசியக் காப்பீட்டையும் (1911) கொண்டுவந்தவர்கள் லிபரல்கள்தானே, அவர்களா தொழிலாளரைப் புறக்கணித்தார்கள் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சட்டங்கள் உண்மையிலேயே பெரியவை. ஆனால் ஒருவருக்காகச் சட்டம் செய்வது வேறு, அவரையே நாடாளுமன்றத்தில் உட்கார வைப்பது வேறு. முதலாவதை மனமாரச் செய்தவர்கள் இரண்டாவதில் தயங்கினார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. 1916-இல் லிபரல் பிரதமர் அஸ்க்வித்தை விலக்கிவிட்டு அதே கட்சியின் லாயிட் ஜார்ஜ் பிரதமரானதும் கட்சி இரண்டுபட்டது. அந்தப் பகையும் உலகப் போரும்தான் கட்சியைக் கொன்றன என்பார்கள். பகை கொடியதுதான். ஆனால் 1846-இல் இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை நீக்கியபோது கன்சர்வேட்டிவ் கட்சியும் பிளந்தது. பிரதமர் பீலோடு கிளாட்ஸ்டன் போன்ற திறமைசாலிகள் வெளியேறினர். அதன்பின் 1874 வரை அக்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனாலும் பிழைத்தது. அக்கட்சியின் தலைவர்களில் ஒருவரான டிஸ்ரேலி பழைய தானிய வரிக் கொள்கையைக் கைவிட்டார். 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தரும் சட்டத்தைத் தாமே நிறைவேற்றினார். லிபரல்கள் பிளந்தபோதோ, வாக்காளர் போய்ச் சேர இன்னொரு கட்சி தயாராக நின்றது. 1918 சட்டம் 21 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்கு தந்ததும் அந்த லேபர் கட்சி வளர்ந்தது. பிரிட்டனின் தேர்தல் முறை மூன்றாமிடக் கட்சியை நசுக்கும் என்பதும் உண்மையே. 1924-இல் லிபரல்கள் 17.8 விழுக்காடு வாக்கு பெற்றும் 40 இடங்களே கிடைத்தன. ஆனால் அவர்கள் ஏன் மூன்றாமிடத்துக்குப் போனார்கள் என்பதற்கு அந்த முறை விடை சொல்லாது.

அழிந்த கட்சிக்கு இன்னொரு எடுத்துக்காட்டு அமெரிக்காவின் விக் கட்சி. ஆனால் அது தட்டிக்கழித்தது ஆட்களை அல்ல, அடிமை முறை பற்றிய கேள்வியை. 1848 அதிபர் தேர்தலில் கொள்கை அறிக்கையே இல்லாமல் தளபதி டெய்லரை நிறுத்தி வென்றார்கள். 1854-இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியது. இரண்டே ஆண்டுகளில் கட்சி கலைந்தது. பழைய விக் உறுப்பினரான லிங்கன் 1860-இல் வென்றது புதிய குடியரசுக் கட்சியின் வேட்பாளராக.

ஆகவே, அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதோடு நின்றுவிடாதே. வேட்பாளர் பட்டியலையும் எடுத்துப் பார். யாருக்கு இடம் மறுக்கப்பட்டது, அவர் அடுத்து எங்கே போனார் என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா