பதக்கம் பெற்றவர் உயிரோடும் இருக்கலாம்

போர்வீரர் என்றால் நமக்கு மாலையிட்ட படம்தான் நினைவுக்கு வருகிறது. பேச்சுப்போட்டி மேடை முதல் வாட்ஸ்ஆப் வரை கைமாறும் தவறான செய்திகளுக்கும் அந்தப் படமே வேர்.

“பரம் வீர் சக்ரா இறந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்.” இல்லை. இதுவரை அதைப் பெற்ற 21 பேரில் ஏழு பேர் உயிரோடிருந்தே பெற்றவர்கள். நமக்கு அறிமுகமான பெயர்கள் இந்த எண்ணத்தை வளர்த்திருக்கலாம்: 1987-ல் இலங்கையில் மறைந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் இருவருக்கும் மறைவுக்குப் பிறகே விருது வந்தது. நம்மை மட்டும் சொல்வானேன்? அரசே இதில் இருமுறை இடறியிருக்கிறது. 1962-ல் லடாக்கில் சீனர்களோடு போரிட்ட மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டார் என்று கருதி விருதை அறிவித்தார்கள். அவரோ போர்க்கைதியாக இருந்தார். கார்கில் போரில் யோகேந்திர சிங் யாதவுக்கும் அதே கதை. அதே பட்டாலியனில் அதே பெயர்கொண்ட இன்னொருவர் உயிர்நீத்திருந்ததால் வந்த குழப்பம் அது. விருதுக்குரியவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

“குண்டடி பட்டதற்குத்தான் பதக்கம்.” குண்டடி படுவதற்கென்று வேறு பதக்கம் உண்டு. வீரதீர விருது செயலுக்கு உரியது. 1999 ஜூலையில், 19 வயது யாதவ் டைகர் ஹில்லின் செங்குத்தான பாறையில் கயிறோடு முன்னால் ஏறினார். உடலில் குண்டுகள் பாய்ந்த பிறகும் மேலேறி, எதிரியின் பதுங்கு அரணைக் கையெறி குண்டால் தகர்த்து, பின்னால் வந்தவர்களுக்கு வழி திறந்தார். காயத்தையே சாதனையாக்கிப் பேசும்போது, அவர் செய்த காரியம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

“காயம்பட்டால் ராணுவ வாழ்க்கை முடிந்தது.” பலருக்கு முடிகிறது, உண்மைதான், எல்லோருக்கும் அல்ல. யாதவ் 2021 வரை பணியாற்றி, கௌரவ கேப்டனாக ஓய்வுபெற்றார். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே துண்டித்த இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கும் பிரிகேடுக்கும் தலைமை தாங்கி, மேஜர் ஜெனரலானார். “பாவம், இனி அவரால் என்ன முடியும்” என்று நாம் சொல்லும் இரக்கச் சொல், இப்படிப்பட்டவருக்கு வேலை மறுக்கவே உதவுகிறது.

“பதக்கம் வாங்கினால் எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும்.” நம் மனச்சாட்சிக்கு மிக வசதியான நம்பிக்கை இது. 2017-ல் இரட்டிப்பாக்கிய பிறகு பரம் வீர் சக்ராவுக்கு மத்திய அரசின் மாதப்படி ரூ.20,000, வீர் சக்ராவுக்கு ரூ.7,000. மாநிலங்கள் தரும் பரிசுத்தொகையோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஊன ஓய்வூதியம் பதக்கத்தோடு சேர்ந்து வருவதில்லை. மருத்துவ வாரியம் குறிக்கும் சதவீதமே அதைத் தீர்மானிக்கும். 50-க்குக் குறைவான சதவீதத்தை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை, முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்குக் கிடையாது என்று மத்திய அரசு நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளில் வாதாடியது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்யும்வரை, அந்த வீரர்கள் ஊனத்தோடு வழக்கையும் சுமந்தார்கள்.