ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் செல் நிற்கவில்லையே?

கேள்வி: மாதாமாதம் செல் வாங்கும் செலவு மிச்சமாகட்டும் என்று சென்ற ஆண்டு நான்கு ரீசார்ஜபிள் டபுள் ஏ செல்களையும் சார்ஜரையும் சேர்த்து வாங்கினோம். ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறேன். ஆனாலும் பிபி பார்க்கும் மெஷினில் போட்டால், நாலைந்து தடவை பார்ப்பதற்குள் பேட்டரி குறைவு என்று காட்டுகிறது. பேரனின் ரிமோட் கார் சில நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்து, ஒரு மாதம் கழித்து டார்ச்சில் போட்டால் மங்கலாக எரிகிறது. புதிதாக இரண்டு செல் வாங்கிப் பழையதோடு சேர்த்தும் பார்த்துவிட்டேன். ஒரு செல்லை மட்டும் சார்ஜரில் வைத்தால் விளக்கே எரிவதில்லை. கோளாறு செல்லிலா, சார்ஜரிலா? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். ‘சார்ஜ் நிற்கவில்லை’ என்று ஒரே வரியில் சொல்கிறோமே தவிர, அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. குடத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். குடம் நிரம்பவே இல்லையா, நிரம்பிய பிறகு ஒழுகுகிறதா, தண்ணீர் இருந்தும் வாய் அடைத்திருக்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் சார்ஜரைப் பார்ப்போம். செல்லோடு சேர்த்துத் தரும் மலிவான சார்ஜர்களில் பலவற்றுக்கு, செல் நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் திறமை கிடையாது. விளக்கு எரிகிறது என்றால் செல் பொருந்தியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. சில சார்ஜர்கள் மணிக்கணக்கு வைத்து நின்றுவிடும். சார்ஜரின் பின்புறத்தில் எத்தனை மில்லி ஆம்பியர் என்றும், செல்லின் மேல் அதன் கொள்ளளவு எத்தனை எம்.ஏ.எச். என்றும் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் செல் 2500, சார்ஜர் தருவது 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாவதால், மெதுவாக ஏற்றும் சார்ஜரில் கொள்ளளவைப் போல சுமார் 1.4 மடங்கு ஏற்ற வேண்டும். கணக்குப் போட்டால் 23 மணி நேரம் வருகிறது! எட்டு மணி நேரத்தில் நின்றுவிடும் சார்ஜரில் பாதிகூட ஏறியிருக்காது. பேரனின் கார் சீக்கிரம் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்த விளக்கு எரியாத செல்லுக்கும் இங்கேயே பதில் இருக்கலாம். பல சார்ஜர்கள் செல்களை ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும். ஒற்றைச் செல் வைத்தால் சுற்று முழுமையாகாது, விளக்கும் எரியாது. நல்ல செல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எரியும். ஜோடியில் ஒன்று பாதி நிரம்பியதாகவும் மற்றது காலியாகவும் இருந்தால், முதலாவது அளவுக்கு மீறிச் சூடாகும், இரண்டாவது அரைகுறையாக நிற்கும்.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜரிலும் ஒரு செல் ஏற மறுத்தால், அது ரொம்ப நாள் காலியாகக் கிடந்து வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்ட செல்லை, கெட்டுப்போனது என்று நினைத்து ஒதுக்கிவிடுவது நவீன சார்ஜர்களின் வழக்கம். உங்கள் பழைய சார்ஜரில் சில நிமிஷம் வைத்து எடுத்து, பிறகு புதியதில் வையுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கையில் பிடிக்க முடியாத அளவு சூடானாலோ ஓரத்தில் கசிவு தெரிந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, ஒழுகும் குடம். வீட்டில் நாம் பயன்படுத்தும் இந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், சும்மா வைத்திருந்தாலும் தானாகச் சார்ஜை இழக்கும். சாதாரண ரகத்தில் ஒரு மாதத்திலேயே கணிசமாகக் குறைந்துவிடும், கோடையில் இன்னும் வேகமாக. ஆகவே உங்கள் டார்ச் மங்கியதில் வியப்பில்லை. 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த செல்கள்தான் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தன. அந்த ரகம், ஓராண்டு அலமாரியில் கிடந்தாலும் பெரும்பங்கு சார்ஜை வைத்திருக்கும். இன்று பல கம்பெனிகள் ‘ப்ரீ-சார்ஜ்டு’, ‘ரெடி டு யூஸ்’ என்று அச்சிட்டு விற்பவை இவைதான். அலமாரியில் காத்திருக்க வேண்டிய டார்ச்சுக்கு இவை வேண்டும்.

மூன்றாவது, வாய் அடைத்த குடம். வயதான செல்லில் உள்தடை ஏறிவிடும். மல்டிமீட்டரில் வோல்டேஜ் நன்றாகத் தெரியும். ஆனால் மோட்டார் கரன்ட் கேட்டவுடன் சரிந்துவிடும். அதே செல் டிவி ரிமோட்டில் மாதக்கணக்கில் உழைக்கும்.

எந்தக் கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். செல்களில் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 1.3 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. 1.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளுக்குள்ளேயே கசிகிறது, அந்தச் செல்லுக்கு விடை கொடுங்கள். தேறியவற்றை மறுபடி முழுதாக ஏற்றி, உடனே டார்ச்சில் போட்டு எவ்வளவு நேரம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மங்கியதும் அணைத்துவிட வேண்டும். அடுத்த முறை, ஏற்றி ஒரு வாரம் கழித்து அதே சோதனை. முதல் தடவையே நேரம் குறைவு என்றால் சார்ஜ் ஏறவில்லை, அல்லது செல் தேய்ந்துவிட்டது. முதல் தடவை நன்றாக எரிந்து இரண்டாவது தடவை குறைந்தால், அது ஒழுகல். நீண்ட நாள் சும்மா கிடந்த செல்கள் என்றால், இரண்டு மூன்று முறை முழுதாக ஏற்றி இறக்கினாலே கொஞ்சம் தெளிந்துவிடும்.

புதியதையும் பழையதையும் கலப்பதை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள். நான்கில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியாகக் கரன்ட்டைத் தள்ளும்போது, அதில் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறிவிடும். செல்லைக் கொல்ல இதைவிடச் சுருக்கு வழி இல்லை. சேர்த்து வாங்கியவை சேர்ந்தே உழைக்கட்டும், சேர்ந்தே சார்ஜ் ஆகட்டும்.

பிபி மெஷின் விஷயம் தனி. சாதாரண அல்கலைன் செல் 1.5 வோல்ட், உங்கள் ரீசார்ஜபிள் செல் 1.2. நான்கு போட்டால் அது 6 வோல்ட், இது 4.8. மெஷின் 6 வோல்ட்டை எதிர்பார்த்து அமைந்திருந்தால், செல்லில் சார்ஜ் இருக்கும்போதே குறைவு என்று காட்டும். கையேட்டைப் பாருங்கள். அல்கலைன்தான் போட வேண்டும் என்றிருந்தால் அதையே போடுங்கள், அல்லது கம்பெனி சொல்லும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள். செல் உட்காரும் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண செல்லே போதும்.

இனி வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். டபுள் ஏ அளவில் 2000 எம்.ஏ.எச். வீட்டுக்குத் தாராளம். 2500-க்கு மேற்பட்டவை பெரும்பாலும் சீக்கிரம் ஒழுகும், சீக்கிரம் தேயும். 4000 என்று போட்டிருந்தால் அது பொய், இந்த ரகத்தில் அவ்வளவு அடைக்க முடியாது. சந்தேகம் வந்தால் எடை போடுங்கள்: ஒழுங்கான டபுள் ஏ செல் 25 கிராமுக்குக் குறையாது. யுஎஸ்பி துளையோடு வரும் 1.5 வோல்ட் லித்தியம் செல்கள் வேறு ஜாதி. அவற்றை உங்கள் சார்ஜரில் வைக்கவே கூடாது.

செத்த செல்லைக் குப்பையிலோ நெருப்பிலோ போடாமல், முனைகளில் டேப் ஒட்டித் தனியாகச் சேர்த்து வையுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மின்கழிவு வாங்கும் இடங்களில் கொடுக்கலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் சார்ஜர் மேல்தான். இருக்கும் காசில் முதலில், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிரம்பியதும் தானே நிற்கும் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். அதில் ஏற்றிச் சோதித்த பிறகு எந்த எண்ணுள்ள செல் தேறவில்லையோ, அதை மட்டும் கழியுங்கள்.