வீட்டுக் கணக்குப் பாடமும் கடைத் தராசும்

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய கேமரன் மலை ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மில் பலர், மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தந்த படிப்போடு வியாபாரத்துக்கு வந்தவர்கள். வாய்க்கணக்கில் நாம் இளைத்தவர்கள் அல்லர். ஆயினும் பிள்ளை தேசியப் பள்ளிப் புத்தகத்தை விரித்து, "அத்தா, 'பெச்சாஹான்' என்றால் என்ன?" என்று கேட்டால், அது நாம் அறிந்த பின்னந்தான் என்று விளங்காமல், "வாத்தியாரைக் கேள்" என்று சொல்வது வழக்கமாயிருக்கிறது. நான்கு முறை அவ்வாறு சொன்னால் ஐந்தாம் முறை பிள்ளை நம்மிடம் வராது. நஷ்டம் அங்கேதான்.

இதற்கு இக்காலத்தில் வழியுண்டு. 2004-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உத்தியோகம் பார்த்த சல்மான் கான் என்பவர், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தூரத்திலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அச்சிறுமி இடறியது, ஓர் அளவையை மற்றோர் அளவையாக மாற்றும் கணக்கில். அந்த முயற்சியே 2008-இல் 'கான் அகாடமி' என்னும் இலவச இணையப் பள்ளியாயிற்று. மலேசியக் கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய 'டெலிமா' தளத்தில், பள்ளி தரும் அடையாளப் பெயரைக் கொண்டு மாணவர் பாடங்களைக் காணலாம். தமிழ்நாட்டு அரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் தமிழ்ப் பாடங்களும் யூடியூபில் உள்ளன.

ஆனால் கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என எண்ணலாகாது. மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, பிள்ளையின் பாடப் புத்தகம் எம்மொழியோ அம்மொழிப் பாடத்தையே பிள்ளைக்குக் காட்டுக. அதே பாடத்தை முன்னதாகத் தமிழில் நாம் பார்த்துக்கொள்க.

இரண்டாவது, பத்து நிமிடம் போதும். நடுவே பாடத்தை நிறுத்தி, அடுத்த கணக்கைப் பிள்ளையையே தாளில் போடச் சொல்லி, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்க வேண்டும். இக்கேள்விக்கு நமக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது, கற்றதைக் கடையில் செய்து காட்டுக. 250 கிராம் பருப்பு ஒரு கிலோவில் நாலில் ஒரு பங்கு என்பதைத் தராசே சொல்லும். 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்து வாங்குகிறோம்: 7 ரிங்கிட் 82 காசு 7.80 ஆகும், 83 காசானால் 7.85 ஆகும். 'கிட்டிய மதிப்பு' என்று பள்ளியில் சொல்வதும் இதுவே. தேயிலைத் தோட்டத்திலோ, ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோ தேயிலையாகிறது. அப்படியாயின் 40 கிலோ கொழுந்து எவ்வளவு தேயிலையாகும்? எட்டுக் கிலோ என்று பிள்ளை சொல்லும்போது வகுத்தலும் பின்னமும் ஒருசேர விளங்கிவிடும்.

ஆகவே சகோதரர்களே, இரவில் கல்லாவை எண்ணும் நேரத்தில் பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கூட்டலைப் பிள்ளை சொல்லட்டும். சரிபார்ப்பது நம் வேலையாகட்டும்.